சப்பாத்துத் தைப்பவரிடம் பிறேக் திருத்திய பேர்த்தா

காரின் பின்சில்லைக் கழற்றி டிரம்மையும் இழுத்தெடுத்தால், உள்ளே பிறை வடிவில் இரண்டு பிறேக் சூக்கள் தெரியும். அவற்றின் மேல் ஒட்டியோ றிவெட் அடித்தோ இருக்கும் படைதான் லைனிங். அது தேய்ந்து முடிந்தால் இரும்பும் இரும்பும் உராய்ந்து டிரம் கீறுப்படும். முற்றத்தில் ஜக் போட்டு, முன்சில்லுக்குக் கல் வைத்து இந்த வேலையைச் செய்பவர்கள் நம்மிடையே நிறையப் பேர். காருக்கு முதன்முதலாக லைனிங் போடுவித்தவர் ஒரு தாய் என்பது அவர்களில் பலருக்குத் தெரிந்திருக்காது.

பேர்த்தா 1849 மே 3இல் ஜேர்மனியின் போர்ட்ஸ்ஹைம் நகரில் பிறந்தார். கார்ள் பென்ஸ் என்ற பொறியியலாளருக்கு நிச்சயிக்கப்பட்டிருந்தபோதே, தன் சீதனப் பணத்தை முன்கூட்டியே வாங்கி, அவருடைய தொழிற்கூடத்தில் இருந்த பங்காளியை விலக்க உதவினார். 1872இல் திருமணம். சீதனம் இயந்திரமாக மாறியது; ஆனால் 1886இல் மோட்டார் வண்டிக்குக் கிடைத்த காப்புரிமையில் கணவரின் பெயர் மட்டுமே இருந்தது.

வண்டி இருந்தது, வாங்க ஆளில்லை. கார்ள் தயங்கிக்கொண்டே இருந்தார். 1888 ஓகஸ்டில் ஒரு விடியற்காலை, அவர் எழும்புவதற்கு முன் பேர்த்தா தன் மகன்மார் ஒய்கன், றிச்சர்ட் இருவருடனும் மன்ஹைமிலிருந்து வண்டியை எடுத்தார். மூத்தவனுக்கு 15 வயது, இளையவனுக்கு 13. போகும் இடம் தாய் வீடு. ஏறத்தாழ 100 கிலோமீற்றர்.

பெற்றோல் நிலையம் என்று ஒன்று உலகில் எங்குமே இல்லை. வீஸ்லொஹ் ஊரின் மருந்துக்கடையில், கறை நீக்க விற்ற லிக்ரோயின் என்ற திரவத்தை வாங்கி ஊற்றினார். தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடைக்குள், துளி பெற்றோல் காட்டி ஸ்டார்ட் செய்து மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டியவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. எரிபொருள் குழாய் அடைத்தபோது தொப்பி ஊசியால் குத்தி எடுத்தார். மின்கம்பி உராய்ந்தபோது காலுறைப் பட்டியைச் சுற்றினார். பின்சில்லுகளை இழுத்த சங்கிலி தளர்ந்ததும் புறுக்சாலில் ஒரு கொல்லரிடம் போனார். இயந்திரம் சூடாகிக்கொண்டே இருந்ததால் வழியெல்லாம் தண்ணீர் தேடவும் வேண்டியிருந்தது. ஏற்றங்களில் இறங்கித் தள்ளினார்கள்.

இறக்கம்தான் ஆபத்து. பிறேக்கின் மரக்கட்டைகள் தேய்ந்துகொண்டே வந்தன. பவுஷ்லொட்டில் சப்பாத்துத் தைப்பவர் ஒருவரைப் பிடித்து, கட்டைகளின் மேல் தோலை வைத்து ஆணி அறையச் சொன்னார். தேய்வது இனித் தோல், தேய்ந்தால் மாற்றிக்கொள்ளலாம். இன்று நாம் கடையில் வாங்கும் லைனிங்கின் வேலையும் இதுதான். இதைப் படித்த நாளிலிருந்து, கராஜில் தூக்கிப் போட்டிருக்கும் பழைய லைனிங்கைப் பார்த்தாலே எனக்கு அந்தத் தோல் துண்டின் நினைவுதான்.

இருட்டும் வேளையில் ஊர் போய்ச் சேர்ந்து கணவருக்குத் தந்தி அடித்தார். சில நாட்களில் அதே வண்டியில் திரும்பியும் வந்தார். ஏற்றத்துக்கு இன்னொரு கியர் வேண்டும் என்று அவர் கொண்டுவந்த குறையைக் கார்ள் ஏற்றுக்கொண்டார். வண்டி விலைபோகத் தொடங்கியது.

கார்ள் 1929இல் இறந்தார். பேர்த்தா லாடன்பேர்க்கில் இரண்டாம் உலகப் போருக்குள்ளும் வாழ்ந்தார். குடும்பப் பெயரைத் தாங்கிய நிறுவனத்தின் தொழிற்சாலைகளில் அப்போது கட்டாய உழைப்பாளர்கள் வேலை வாங்கப்பட்டார்கள். பேர்த்தாவின் கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் இந்த வரியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

95ஆவது பிறந்தநாளன்று கால்ஸ்றூஹ தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் அவரைக் கௌரவித்தது. இரண்டு நாள் கழித்து, 1944 மே 5இல் கண்ணை மூடினார். அடுத்த ஆண்டு பெப்ரவரி 23 இரவு, போர்ட்ஸ்ஹைம் மீது விழுந்த குண்டுகளில் 17,000க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். தாயைப் பார்க்க அவர் ஓட்டிச் சென்ற அந்தப் பழைய நகரம் சில நிமிடங்களில் இல்லாமல் போனது. அவர் சென்ற பாதையில் மட்டும் 2008 முதல் அவருடைய பெயர்ப் பலகைகள் நிற்கின்றன.