பறவையியல் அறிஞர் சலீம் அலி

மாணவர்களே, சாதாரண தரப் பரீட்சையின் பின் எத்துறையைத் தெரிவு செய்வது என்று சிந்திக்கிறீர்களா? சலீம் அலியின் வாழ்வை அறிந்துகொள்ளுங்கள்.

1896 இல் பம்பாயில் பிறந்த இவர், சிறுவயதிலேயே பெற்றோரை இழந்து தாய்மாமன் வீட்டில் வளர்ந்தார். ஒருநாள் தான் சுட்டு வீழ்த்திய சிட்டின் தொண்டை மஞ்சளாக இருப்பதைக் கண்டு வியந்தார். அதன் பெயரை அறிய பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்திற்குச் சென்றார். செயலாளர் மில்லார்ட் அங்கிருந்த பாடம் செய்யப்பட்ட பறவைகளைக் காட்டினார். ஆர்வம் வேரூன்றியது.

எனினும், குடும்பத் தொழிலைக் கவனிக்க 1914 இல் பர்மா சென்றார். அங்கும் வியாபாரத்தை விடக் காட்டுப் பறவைகளே அவரை ஈர்த்தன. 1917 இல் திரும்பி வணிகச் சட்டமும் கணக்கியலும் கற்றார். அவரது உண்மையான நாட்டத்தை உணர்ந்த பிளாட்டர் அடிகளார் விலங்கியல் கற்கத் தூண்டினார்.

பட்டம் இல்லாமையால் விரும்பிய பதவி கிட்டவில்லை. பேர்லினில் பயிற்சி பெற்று 1930 இல் திரும்பியபோது, வகித்த நூதனசாலைப் பதவியும் நீக்கப்பட்டிருந்தது. ஆயினும் தளராது தூக்கணாங்குருவிகளை ஆராய்ந்தார். 1941 இல் இவரது இந்தியப் பறவைகள் பற்றிய நூல் வெளிவந்தது. 1976 இல் பத்ம விபூஷண் விருது பெற்ற இவர், 1987 இல் காலமானார்.

நீங்கள் சிறுவயதில் விரும்பியது எது? துறையைத் தெரிவு செய்யுமுன் அதனை ஒருமுறை நினைத்துப் பாருங்கள். விருப்பத்துடன் முறையான கல்வியும் விடாமுயற்சியும் வேண்டும் என்பதை மறவாதீர்கள்.