40 நூல்கள், 20,000 ரூபாய்: பாரதியாரின் நிறைவேறாத கனவு

மகாகவி பாரதியாரின் படம் இல்லாத தமிழ்ப்பள்ளியைக் காண்பது அரிது. தோட்டத்துப் பள்ளியில் படித்தவர்களும் பட்டணத்துப் பள்ளியில் படித்தவர்களும் அவர் பாடல்களை மனப்பாடம் செய்துதான் வளர்ந்தோம். ஆனால், தம் எழுத்தை நூலாக்குவதற்கு அவர் எத்தனை கதவுகளைத் தட்டினார் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது.

1882ஆம் ஆண்டு டிசம்பர் 11ஆம் நாள் எட்டயபுரத்தில் பிறந்தவர் சுப்பிரமணிய பாரதியார். 1904இல் சென்னைக்கு வந்து சுதேசமித்திரன் நாளிதழில் துணையாசிரியராகச் சேர்ந்தார். தேசியப் பாடல்களை எழுதத் தொடங்கியதும் அக்காலத்தில்தான்.

அவருடைய பாடல்கள் முதலில் அச்சேறிய விதமே வியப்புக்குரியது. பதிப்பாளர் ஜி.ஏ. நடேசன் அவரை வழக்கறிஞர் வி. கிருஷ்ணசாமி ஐயரிடம் அழைத்துச் சென்றார். ஐயர் மிதவாதி, பாரதியாரோ தீவிரவாத அணியைச் சேர்ந்தவர். அரசியலில் இருவருக்கும் ஒத்துப்போகாது. இருந்தும் பாரதியார் பாடக் கேட்டதும் ஐயர் உருகிப்போனார். மூன்று பாடல்களைத் தம் சொந்தச் செலவில் 15,000 பிரதிகள் அச்சிட்டு இலவசமாக வழங்கச் செய்தார். அது 1907ஆம் ஆண்டு. மறு ஆண்டே பாரதியார் ‘ஸ்வதேச கீதங்கள்’ நூலைத் தாமே வெளியிட்டார்.

அதே 1908இல் ஆங்கிலேய அரசின் கைது நடவடிக்கையிலிருந்து தப்பி, பிரெஞ்சுக்காரர் ஆட்சியிலிருந்த புதுச்சேரிக்குச் சென்றார். பத்தாண்டு அங்கேயே வாழ்ந்தார். குயில் பாட்டு, கண்ணன் பாட்டு, பாஞ்சாலி சபதம் எல்லாம் அங்கே பிறந்தவைதான். எழுதியது மலைபோல் குவிந்தது. ஆனால் அச்சிடக் காசில்லை. பாஞ்சாலி சபதத்தின் முதல் பாகம் மட்டும் 1912இல் வெளிவந்தது. இரண்டாம் பாகத்தை அவர் நூலாகப் பார்க்கவே இல்லை.

இந்தக் காலத்தில் அவருக்குக் கைகொடுத்தவர் பரலி சு. நெல்லையப்பர். பாரதியார் தம்பியாகவே கருதிய அவரும் பணக்காரர் அல்லர். ஆயினும் 1917இல் கண்ணன் பாட்டு, பாப்பா பாட்டு, முரசு ஆகியவற்றைச் சென்னையில் சிறு நூல்களாக அச்சிட்டு வெளியிட்டார்.

1918 நவம்பரில் புதுச்சேரியை விட்டு வெளியேறிய பாரதியார் கடலூரில் கைதானார். சில வாரங்களில் விடுதலை கிடைத்தது. எனினும் கட்டுப்பாடுகள் தொடர்ந்தன. மனைவி செல்லம்மாளின் ஊரான கடையத்தில் குடும்பத்துடன் தங்கினார்.

அங்கிருந்து இரண்டு வழிகளில் முயன்று பார்த்தார். முதலாவது, பழைய வழி. 1919இல் எட்டயபுரம் ஜமீன்தாருக்குச் சீட்டுக்கவி எழுதினார். புலவரை மன்னர் ஆதரிப்பது நம் மரபு அல்லவா? ஆனால் அரண்மனையிலிருந்து உதவி வரவில்லை.

இரண்டாவது, புதிய வழி. 1920இல் நண்பர்களுக்கும் அன்பர்களுக்கும் ஒரு சுற்றறிக்கை அனுப்பினார். தம் கையெழுத்துப் பிரதிகளை 40 நூல்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் 10,000 பிரதிகள் அச்சிடுவது அவரது திட்டம். தொடக்கச் செலவு 20,000 ரூபாய். ஓரிரு ஆண்டுகளில் ஒன்றரை லட்சம் ரூபாய் லாபம் வரும் என்று கணக்குக் காட்டினார். நன்கொடை கேட்கவில்லை, கடன்தான் கேட்டார். ஒவ்வொருவரும் குறைந்தது 100 ரூபாய் அனுப்ப வேண்டும், நண்பர்களையும் அனுப்பச் செய்ய வேண்டும் என்றார். முத்திரை ஒட்டிய கடன் பத்திரமும் மாதம் 2 விழுக்காடு வட்டியும் தருவதாக வாக்களித்தார். மண்ணெண்ணெயும் தீப்பெட்டியும் போலத் தம் நூல்கள் வீட்டுக்கு வீடு போகும் என்று உறுதியாக நம்பினார்.

இன்று ஓர் எழுத்தாளர் பதிப்பகத்திடம் தம் நூலைப் பற்றி என்னவெல்லாம் எடுத்துச் சொல்ல வேண்டுமோ, அத்தனையும் அந்த அறிக்கையில் இருந்தது. எத்தனை நூல், எத்தனை பிரதி, என்ன செலவு, யார் வாங்குவார்கள் என எதையும் அவர் விடவில்லை. ஆனால் வேண்டிய பணம் சேரவில்லை. திட்டம் தாளிலேயே நின்றுவிட்டது.

1920 நவம்பரில் மீண்டும் சுதேசமித்திரனில் சேர்ந்தார். மறு ஆண்டு செப்டம்பரில் சென்னை திருவல்லிக்கேணியில் காலமானார். அப்போது அவருக்கு 39 வயதுகூட நிறையவில்லை. இறுதி ஊர்வலத்தில் நடந்தவர்கள் மிகச் சிலரே.

அவர் விட்டுச்சென்ற வேலையைச் செல்லம்மாள் கையில் எடுத்தார். பாரதி ஆசிரமம் என்ற பெயரில் 1922இல் ஸ்வதேச கீதங்களை வெளியிட்டார். பின்னர் பாரதியாரின் தம்பி விசுவநாதன் பாரதி பிரசுராலயம் வழியாகப் பதிப்பித்தார். 1928இல் பர்மா அரசு ஸ்வதேச கீதங்களுக்குத் தடை விதிக்க, சென்னை மாகாணத்திலும் பிரதிகள் பறிமுதல் செய்யப்பட்டன. யாரும் வாங்க மாட்டார்கள் என்று எண்ணப்பட்ட எழுத்தைக் கண்டு அரசாங்கமே அஞ்சியது. 1949இல் சென்னை அரசு அவர் நூல்களின் உரிமையைப் பெற்றது. பின்னர் அவை பொதுமக்களின் சொத்தாயின. அதன் பிறகு மலிவுப் பதிப்புகள் பெருகி, கடல் கடந்து நம் வீடுகளுக்கும் வந்து சேர்ந்தன.

பாரதியாரின் கணக்கில் பிழை இல்லை. அவர் நூல்கள் வீட்டுக்கு வீடு போகத்தான் செய்தன. ஆனால் 100 ரூபாய் கடன் கொடுக்க வேண்டிய நேரத்தில் கொடுக்க ஆளில்லை.

நம் ஊரிலும் எழுத்தாளர்கள் சொந்தப் பணத்தைப் போட்டு நூல் அச்சிட்டு, வெளியீட்டு விழாவுக்கு அழைப்பிதழ் அனுப்புகிறார்கள். அடுத்த முறை அப்படி ஓர் அழைப்பு வந்தால் போய் அமருங்கள். ஒரு பிரதியை வாங்கி வாருங்கள். எழுத்தாளர் உயிரோடு இருக்கும்போது வாங்கும் அந்த ஒரு பிரதிதான் அடுத்த நூலை எழுதவைக்கும்.