கையை எங்க வைக்கிறது?

கல்ச்சுரல்ஸ் ஸ்கிட்டுக்காக முதல்முறை மேடை ஏறியிருக்கீங்களா? வசனம்கூட எப்படியோ வந்துடும். அடுத்தவன் பேசுறப்போ சும்மா நிக்கணுமே, அப்போ இந்த ரெண்டு கையை எங்க வைக்கிறதுன்னுதான் தெரியாது. வாழ்க்கை முழுக்க இந்தச் சங்கடத்தை ஆராய்ந்தவர் கான்ஸ்தாந்தின் ஸ்தனிஸ்லாவ்ஸ்கி. 1863ல் மாஸ்கோவில் பிறந்தவர்.

ரெண்டு மூணு வயசில், வீட்டு விழா ஒன்றில் அவருக்குப் பனிக்காலம் வேஷம். தரையெல்லாம் பஞ்சு. எதிரே மெழுகுவர்த்தி, கையில் குச்சி. குச்சியைத் தீயில் வைப்பதுபோலப் பாவனை பண்ணச் சொன்னார்கள். பாவனை எதுக்கு, நிஜமாவே வைக்கலாமேன்னு பையனுக்குத் தோணிச்சு. வைத்துவிட்டான்! பஞ்சு பற்றிக்கொண்டது, ஆளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள், திட்டும் கிடைத்தது. ஆனால் வெறுமனே உட்கார்ந்திருந்தபோது இருந்த கூச்சம், ஒரு காரியத்தைச் செய்ததும் காணாமல் போனதை அவர் மறக்கவே இல்லை.

குடும்பத்துக்குச் சரிகைத் தொழிற்சாலை இருந்தது. வளர்ந்தபின் அதில் வேலை பார்த்துக்கொண்டே நாடகமும் போட்டார். பதினாலு வயசிலிருந்தே தன் நடிப்பில் எது சரி, எது சொதப்பல்னு நோட்டில் எழுதிவந்தார். (நம்ம அப்சர்வேஷன் நோட் மாதிரிதான், ஆனா காப்பி அடிக்காதது.) கண்ணாடி முன் நின்று பெரிய நடிகர்களை அப்படியே பழகியதும் உண்டு. அது ஆபத்தான பழக்கம்னு பின்னாடிதான் புரிஞ்சது.

1898ல் நெமிரோவிச் தான்செங்கோவோடு சேர்ந்து மாஸ்கோ கலை அரங்கைத் தொடங்கினார். செகாவ் நாடகங்களால் பெயரும் வந்தது. ஆனால் 1906ல், 43 வயசில், பின்லாந்துக் கடலோரப் பாறையில் உட்கார்ந்து யோசித்தபோது ஒன்று உறைத்தது. இப்சன் நாடகத்தில் தான் புகழ்பெற்ற டாக்டர் ஸ்டாக்மன் வேஷத்தில் நடை, கையசைவு எல்லாம் அச்சுப் பிசகாமல் வருகிறது. அவற்றைப் பிறப்பித்த உணர்ச்சிதான் இல்லை. கைதட்டல் மட்டும் குறையவே இல்லை, பாருங்க. நாமளா இருந்தா அதோட விட்டிருப்போம். அவர் மறுபடி அரிச்சுவடியிலிருந்து ஆரம்பித்தார்.

1928ல் மேடையிலேயே மாரடைப்பு வந்தது. நடிப்பு நின்றது, எழுத்து தொடர்ந்தது. கோஸ்த்யா என்ற கற்பனை மாணவனின் டைரியாக ஒரு பாடநூல். அதில் ஒரு மாணவி தொலைந்த ஊசியைத் தேடுவதாக நடிக்க வேண்டும். நெஞ்சில் கைவைத்து, பதறி, அங்குமிங்கும் ஓடுகிறாள். முடிந்ததும் ஆசிரியர் ஊசி எங்கேன்னு கேட்கிறார். அவள் தேடவே மறந்திருந்தாள்! கிடைக்காவிட்டால் வகுப்பை விட்டுப் போக வேண்டும் என்கிறார். இப்போது திரையின் மடிப்பு மடிப்பாக, அமைதியாக, நிஜமாகத் தேடுகிறாள். மொத்த வகுப்பும் அவளையே பார்க்கிறது.

புத்தகம் ஆங்கிலத்தில் 1936ல் வந்தது. ருஷ்ய மொழியில் 1938ல் வந்தபோது அவர் இல்லை. அந்த ஆகஸ்டு 7ஆம் தேதி காலமாகியிருந்தார்.