எட்டு அறைகளுக்குள் ஒரு பேரரசர்

முதிர்ந்த வயதில் பெரிய வீட்டைவிட்டுச் சிறிய வீட்டுக்கு மாறுவது பலருக்கும் மனம் கனக்கும் வேளை. எதை எடுத்துச் செல்வது? எதை யாருக்குக் கொடுப்பது? எதை விட்டுவிடுவது? சுமார் 470 ஆண்டுகளுக்கு முன்பு ஐரோப்பாவில் மிகப் பெரிய ஆட்சிப்பரப்பைக் கொண்டிருந்த ஒருவர் இதே கேள்விகளைச் சந்தித்தார். அவர்தான் பேரரசர் ஐந்தாம் சார்லஸ்.

1500ஆம் ஆண்டு பிப்ரவரி 24ஆம் நாள், இன்றைய பெல்ஜியம் நாட்டிலுள்ள கென்ட் நகரில் அவர் பிறந்தார். 16 வயதில் ஸ்பெயினின் அரசரானார். 19 வயதில் தூய உரோமைப் பேரரசராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1530இல் பொலோஞ்ஞா நகரில் திருத்தந்தை ஏழாம் கிளமெண்ட் அவருக்கு முடிசூட்டினார். ஸ்பெயின், நெதர்லாந்து, நேப்பிள்ஸ், ஜெர்மன் நாடுகள், கடலுக்கு அப்பால் மெக்சிகோ, பெரு என அவருடைய ஆட்சி விரிந்திருந்தது. அரண்மனைகள் பல இருந்தும் ஓரிடத்தில் தங்கி வாழ அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை. போர், பேச்சுவார்த்தை, மீண்டும் போர் என்று வாழ்நாள் முழுவதும் பயணம்தான்.

அவருடைய வாழ்வில் கறைகளும் உண்டு. 1527இல் சம்பளம் கிடைக்காத அவருடைய படைவீரர்கள் உரோமை நகரைச் சூறையாடினார்கள். அந்தப் பழி இறுதிவரை அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது. 1539இல் அன்பு மனைவி இசபெல்லா இறந்தார். சார்லஸ் மறுமணம் செய்துகொள்ளவில்லை. அரசியின் உடலைக் கிரனாடாவுக்குக் கொண்டுசென்றவர்களில் ஒருவர்தான் பிற்காலத்தில் உயர்குடிப் பட்டத்தைத் துறந்து இயேசு சபையில் சேர்ந்த புனித பிரான்சிஸ் போர்ஜியா.

ஐம்பதைத் தாண்டியபோது சார்லசின் உடல் தளர்ந்துவிட்டது. கீல்வாதத்தால் கைகால்கள் வீங்கின. பேனா பிடிப்பதே சில நாள்களில் கடினமானது. 1555 அக்டோபர் 25ஆம் நாள் பிரசல்ஸ் அரண்மனையில் மக்கள் பிரதிநிதிகளைக் கூட்டினார். ஒரு கையில் ஊன்றுகோல், மறு கை இளம் வில்லியம் ஆரஞ்சு இளவரசரின் தோள்மீது. ஜெர்மனிக்கு ஒன்பது முறை, இத்தாலிக்கு ஏழு முறை, ஸ்பெயினுக்கு ஆறு முறை என்று தம் பயணங்களை எண்ணிச் சொன்னார். தம்மால் தீங்கு அடைந்தவர்களிடம் மன்னிப்புக் கேட்டார். அவரும் அழுதார், அவையும் அழுதது. நெதர்லாந்தை அன்றும், ஸ்பெயினை 1556 ஜனவரியிலும் மகன் பிலிப்பிடம் ஒப்படைத்தார். பேரரசர் பதவியைத் தம்பி ஃபெர்டினாண்டுக்கு விட்டுக்கொடுத்தார்.

எங்கே போவது என்பதை அவர் முன்னரே தீர்மானித்திருந்தார். ஸ்பெயினின் எஸ்த்ரமதூரா பகுதியில், மலையடிவாரத்தில் யூஸ்தே என்னும் இடத்தில் புனித ஜெரோம் சபைத் துறவியரின் மடம் இருந்தது. அதன் ஆலயச் சுவரை ஒட்டித் தமக்கு ஒரு வீடு கட்டச் சொல்லியிருந்தார். கீழே நான்கு அறைகள், மேலே நான்கு அறைகள், அவ்வளவுதான். படி ஏற முடியாத அவருக்காகச் சரிவுப்பாதை அமைக்கப்பட்டது. படுக்கையறையிலிருந்து பார்த்தால் ஆலயத்தின் தலைமைப் பீடம் தெரிய வேண்டும் என்பது முக்கியமான ஏற்பாடு. நோயில் எழ முடியாத நாளிலும் படுத்தபடியே திருப்பலி காணலாம் அல்லவா?

1556 செப்டம்பரில் கப்பலில் ஸ்பெயின் வந்து இறங்கினார். மலைப்பாதையில் அவரைத் தூக்கிக்கொண்டுதான் சென்றார்கள். யூஸ்தே வீடு இன்னும் முடியவில்லை. அருகிலிருந்த ஜரான்டில்லா கோட்டையில் பல வாரங்கள் காத்திருந்தார். காத்திருந்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. உடன் வந்த பணியாளர்களில் பெரும்பாலோரை அனுப்பிவிட வேண்டும். அவர்களுக்குத் தர வேண்டிய சம்பளப் பாக்கிக்குப் பணம் வந்து சேரவில்லை. அது வந்து கணக்குத் தீர்ந்த பிறகே, 1557 பிப்ரவரி 3ஆம் நாள் யூஸ்தேக்குள் நுழைந்தார்.

எதை எடுத்துச் சென்றார்? மனைவி இசபெல்லாவின் ஓவியம். திசியன் வரைந்த மற்றொரு பெரிய ஓவியம். அதில் அவரும் மனைவியும் மணிமுடியின்றி, வெள்ளைத் துணி போர்த்தியவர்களாய் மூவொரு கடவுள்முன் மன்றாடுகிறார்கள். சில நூல்கள். அவர் மிகவும் விரும்பிய கடிகாரங்கள். அவற்றைப் பராமரிக்கத் துரியானோ என்ற கைவினைஞர். பணியாளர்கள் சுமார் 50 பேர். நமக்கு அது பெரிய எண்ணிக்கைதான். பேரரசருக்கோ அது பெரிய குறைப்பு.

வீடு சிறிதானவுடன் மனிதர் முழுவதும் மாறிவிட்டாரா? இல்லை. வாய்க்கட்டுப்பாடு அவருக்குக் கடைசிவரை வரவில்லை. மருத்துவர் தடுத்தும் மீனும் இறைச்சியும் பீரும் மேசைக்கு வந்துகொண்டே இருந்தன. அரசியல் கடிதங்களும் நிற்கவில்லை. மாற்றுக் கொள்கையினரைக் கடுமையாகத் தண்டிக்கும்படி அங்கிருந்தே எழுதினார். சாமான்களைக் குறைப்பது ஒரு நாள் வேலை. பழைய அதிகாரத்தையும் பழைய ஆசையையும் குறைப்பது நெடுநாள் வேலை என்பதை அவர் வாழ்வு மறைக்காமல் காட்டுகிறது.

ஆயினும் அந்தச் சிறிய வீடு அவருக்குச் சிலவற்றைத் தந்தது. நாள்தோறும் திருப்பலி, துறவியரின் பாடல், தோட்டம், அமைதி. திருமணத்திற்கு வெளியே பிறந்த அவருடைய மகன் ஜெரோனிமோ பக்கத்து ஊரான குவாக்கோசில் தங்கியிருந்தான். தந்தை அவனை வெளிப்படையாக மகன் என்று அழைக்கவில்லை. ஆனால் அருகில் வைத்துப் பார்த்தார், தம் இறுதி ஏற்பாட்டில் ஏற்றுக்கொண்டார். அந்தச் சிறுவன்தான் 1571இல் லெப்பாந்தோ கடற்போரில் தலைமை வகித்த தோன் ஜுவான்.

1558 ஆகஸ்டு இறுதியில் காய்ச்சல் கண்டது. நற்கருணையும் நோயில்பூசுதலும் பெற்றுக்கொண்டார். இசபெல்லா இறக்கும்போது கையில் பிடித்திருந்த அதே பாடுபட்ட சுரூபத்தைப் பிடித்தபடி, செப்டம்பர் 21ஆம் நாள் அதிகாலையில் கண்மூடினார். 1574இல் மகன் பிலிப்பு அவருடைய உடலை எஸ்கோரியல் அரண்மனைக்கு மாற்றினார். பிரமாண்டமான அந்த மாளிகையிலும் பிலிப்பு தம் படுக்கையறையைப் பீடம் தெரியும்படியே அமைத்துக்கொண்டார். தந்தையின் சிறிய வீடு கற்றுக்கொடுத்த பாடம் அது.

அன்பார்ந்தவர்களே, களஞ்சியத்தை இடித்துப் பெரிதாகக் கட்ட நினைத்த செல்வனைப் பற்றி ஆண்டவர் சொன்ன உவமையை நாம் அறிவோம். சார்லஸ் எதிர்த்திசையில் நடந்தார். தாமே முன்கூட்டித் தீர்மானித்தார். பிறர் தள்ளிவிடும்வரை காத்திருக்கவில்லை. மன்னிப்புக் கேட்டார். வேலை செய்தவர்களின் கூலியைக் கொடுத்தார். நினைவுக்குரியவற்றை மட்டும் எடுத்துக்கொண்டார். கண் திறந்தால் பீடம் தெரியும் இடத்தில் கட்டிலைப் போட்டார்.

நம் வீட்டுப் பெரியவர்கள் சிறிய வீட்டுக்கோ, பிள்ளைகள் வீட்டின் ஓர் அறைக்கோ மாறும்போது, எதை எடுத்துச் செல்வது என்று அவர்களே தீர்மானிக்கட்டும். பழைய படமும் செபமாலையும் நமக்குக் குப்பையாகத் தெரியலாம். அவர்களுக்கு அதுவே வீடு. அவர்கள் கட்டிலிலிருந்து பார்த்தால் என்ன தெரியும் என்று, அறையை ஒழுங்கு செய்யும்முன் ஒருமுறை உட்கார்ந்து பார்ப்போமா?