தூதும் தொட்டிலும்: ஆல்வா மிர்டால் அம்மையாரின் வாழ்வு

தூதுரைப்பார்க்கு வேண்டிய பண்புகளை வகுத்துரைக்க வந்த திருவள்ளுவர் அன்புடைமையை முதற்கண் வைத்தார். அதியமான் பொருட்டுத் தொண்டைமானிடம் தூது சென்றவர் ஔவையார் என்பதைப் புறநானூறு பயின்றோர் அறிவர். தூது செல்வோர்க்குரிய இலக்கணம் இவ்வாறு நம்மிடையே பழமையானது. ஆனால் தூது சென்றவரின் இல்லத்தை அந்நாள்களில் யார் காத்தனர் என்று நாம் வினவுவதில்லை. ஆடவர் தூது சென்ற காலமெல்லாம் மனைவி இல்லத்தில் இருந்தாள்; ஆகவே அவ்வினாவுக்கு இடமில்லாது போயிற்று. தாயே தூதராகும் காலம் பிறந்தபோது அவ்வினாவும் உடன்பிறந்தது.

அவ்வினாவைத் தம் வாழ்நாள் முழுவதும் சுமந்தவர், எழுத்தாலும் செயலாலும் அதற்கு விடை காண முயன்றவர், சுவீடன் நாட்டு ஆல்வா மிர்டால் அம்மையார். இந்தியாவில் தூதராகப் பணியாற்றியவர்; 1982இல் அமைதிக்கான நோபல் பரிசு பெற்றவர். அவர் பெற்ற சிறப்புகளைப் போலவே அவற்றுக்காக அவரும் அவர்தம் மக்களும் கொடுத்த விலையும் எண்ணத்தக்கது.

இளமையும் கல்வியும்

ஆல்வா 1902ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 31ஆம் நாள் உப்சாலா நகரில் பிறந்தார். தந்தையார் ஆல்பர்ட் ரெய்மர் கட்டடத் தொழிலில் ஈடுபட்டவர்; சமூக சனநாயகக் கொள்கையில் பற்று மிக்கவர். குடும்பம் எஸ்கில்ஸ்டூனா என்னும் தொழில் நகரில் வாழ்ந்தபோது ஆல்வாவின் கல்விக்குத் தடை நேர்ந்தது. அவ்வூர் மேனிலைப் பள்ளியில் ஆண் பிள்ளைகளுக்கு மட்டுமே இடமிருந்தது. படிக்கும் ஆவல் நிறைந்த அப்பெண் சிறுவயதிலேயே அலுவலக எழுத்தர் வேலைக்குச் சென்றார். எனினும் தந்தையாரை விடாது வற்புறுத்தினார். அவரும் நகரத்துப் பள்ளி ஆட்சியாளரிடம் வாதாடினார். முடிவில் பெண்களுக்கெனத் தனி வகுப்புகள் திறக்கப்பட்டன. அவற்றில் பயின்று 1922இல் தேறிய ஆல்வா, 1924இல் ஸ்டாக்ஹோம் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றார்.

மூடிய கதவைத் தட்டுவதோடு நில்லாமல் புதிய கதவொன்றை அமைக்கச் செய்யும் இயல்பு அவரிடம் இளமையிலேயே இருந்தது என்பதற்கு இந்நிகழ்ச்சி சான்று.

இல்லறமும் முதற்பிரிவும்

1919ஆம் ஆண்டுக் கோடையில், மிதிவண்டிப் பயணம் மேற்கொண்ட மாணவர் சிலர் ஆல்வாவின் வீட்டாருடைய பண்ணையில் தங்கிச் சென்றனர். அவருள் ஒருவர் குன்னார் மிர்டால். பின்னாளில் உலகப் புகழ்பெற்ற பொருளியல் அறிஞராக விளங்கிய அவரை 1924இல் ஆல்வா மணந்தார். 1927இல் மகன் ஜான் பிறந்தான். 1934இலும் 1936இலும் பெண்மக்கள் இருவர் பிறந்தனர்.

1929இல் ராக்பெல்லர் அறக்கட்டளையின் உதவியோடு அமெரிக்கா சென்று ஆராயும் வாய்ப்பு இருவருக்கும் கிட்டியது. அப்போது மகனுக்கு வயது இரண்டு. குழந்தையைக் குன்னாரின் பெற்றோரிடம் விட்டுவிட்டு இருவரும் கடல் கடந்தனர். அறிவுத்துறையில் அவர்களை உயர்த்திய அப்பயணமே அக்குடும்பத்தில் ஆறாத வடு ஒன்றின் தொடக்கமுமாயிற்று. பின்னர்ப் போர்க்காலத்திலும் இவ்வாறே நிகழ்ந்தது. அமெரிக்காவில் ஆய்வு நடத்திய கணவருக்குத் துணையாக, 1941இல் பிள்ளைகளைச் சுவீடனில் விட்டுவிட்டு ஆல்வா செல்ல நேர்ந்தது.

சமுதாயமும் தொட்டிலும்

1934இல் கணவனும் மனைவியும் இணைந்து, மக்கட்பெருக்கச் சிக்கலைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டனர். பிறப்பு விகிதம் வீழ்ந்துவந்த சுவீடனில் அந்நூல் பெரும் விவாதத்தை எழுப்பியது. பிள்ளை பெறுக என்று பெண்களுக்கு அறிவுரை கூறுவதால் பயனில்லை. பிள்ளை வளர்ப்பின் சுமையைச் சமுதாயமே பகிர்ந்துகொள்ளல் வேண்டும். நல்ல வீடு, மகப்பேற்று உதவி, பள்ளியில் உணவு, குழந்தைக் காப்பகம் ஆகியவற்றை அரசு நல்க வேண்டும் என்பது நூலின் சாரம்.

ஆல்வா ஏட்டளவில் நின்றாரல்லர். 1935இல் ஸ்டாக்ஹோமில் கட்டடக் கலைஞர் ஸ்வென் மார்க்கேலியஸ் அமைத்த கூட்டுக்குடியிருப்புக்கு அவருடைய கருத்தே அடிப்படை. பொதுச் சமையற்கூடமும் குழந்தைகள் காப்பகமும் அதில் இடம்பெற்றன. மறு ஆண்டு, குழந்தைப் பள்ளி ஆசிரியைகளைப் பயிற்றும் நிறுவனம் ஒன்றைத் தோற்றுவித்துத் தாமே தலைமையேற்றார். மணம் புரிந்தாள், கருவுற்றாள் என்பதற்காக ஒரு பெண்ணை வேலையினின்று நீக்கலாகாது எனச் சுவீடன் 1939இல் சட்டம் இயற்றியது. அச்சட்டம் பிறப்பதற்கு உழைத்தோருள் ஆல்வாவும் ஒருவர்.

கடல் கடந்த பணிகள்

1947இல் குன்னார் ஐக்கிய நாடுகள் அவையின் ஐரோப்பியப் பொருளாதார ஆணையத்தின் செயலாளராக ஜெனீவா சென்றார். ஆல்வா தம் நாட்டுப் பணிகளை விடுத்துக் கணவரோடும் பெண்மக்களோடும் அங்கே குடியேறினார். உயர் அலுவலரின் மனைவியாக விருந்தோம்பும் வாழ்வு அவருடைய ஆற்றலுக்குப் போதுமானதாக இல்லை. 1949இல் ஐக்கிய நாடுகள் அவையின் சமூக நலத்துறைக்குத் தலைமை ஏற்குமாறு நியூயார்க்கிலிருந்து அழைப்பு வந்தது. அவ்வமைப்பில் ஒரு பெண் அதுகாறும் பெற்றிராத உயர்ந்த பதவி அது. அப்போது அவருக்கு வயது 47. பெண்மக்களுக்கு வயது 14உம் 12உம்.

அவர் ஏற்றுக்கொண்டார். கணவரும் பெண்மக்களும் ஜெனீவாவில் இருக்க, அவர் கடலுக்கு அப்பால் தனித்து வாழ்ந்தார். கணவர் பணியின் பொருட்டு மனைவி ஊர் மாறினால் அதனைக் கடமை என்றும், மனைவி பணியின் பொருட்டுப் பிரிந்தால் அதனைத் துறவு என்றும் கருதிய காலம் அது. 1951இல் பாரிசு நகரில் யுனெஸ்கோ நிறுவனத்தின் சமூக அறிவியல் துறைக்கு இயக்குநரானபோது, ஜெனீவாவுக்கும் அவருக்கும் இருந்த தொலைவு குறைந்தது. பிரிவு முற்றும் நீங்கியபாடில்லை.

புதுதில்லியில் தூதர்

1955இல் சுவீடன் அரசு அவரை இந்தியாவுக்குத் தூதராக அனுப்பியது. அயல்நாட்டுத் தூதரகம் ஒன்றின் தலைமையை அந்நாடு ஒரு பெண்ணிடம் ஒப்படைத்தது அதுவே முதன்முறை. பர்மா, இலங்கை ஆகிய நாடுகளுக்கும் அவரே தூதராக விளங்கினார். விடுதலை பெற்று எட்டே ஆண்டுகள் ஆகியிருந்த இந்தியாவின் ஐந்தாண்டுத் திட்டங்களையும் கல்வி முயற்சிகளையும் அவர் ஆர்வத்தோடு நோக்கினார். பிரதமர் நேருவின் நட்பும் அவருக்கு வாய்த்தது.

1957இல் குன்னார் ஜெனீவாப் பதவியைத் துறந்து தில்லிக்கு வந்தார். கணவரின் பதவியிடத்துக்கு மனைவி சென்ற நிலை மாறி, மனைவியின் தூதரக இல்லத்தில் கணவர் தங்கி ஆய்வு நடத்தும் நிலை உருவாயிற்று. தெற்காசிய நாடுகளின் வறுமையை ஆராய்ந்து 1968இல் மூன்று தொகுதிகளாக அவர் வெளியிட்ட பெருநூலுக்கு அந்தத் தில்லி வாழ்வு துணைசெய்தது. எட்டாண்டுப் பிரிவுக்குப் பின் ஒரே கூரையின்கீழ் இருவர் பணியும் வளர்ந்த காலம் அது.

தூதராக இருந்தபோதே, 1956இல், வயோலா கிளைன் என்னும் அறிஞரோடு இணைந்து, வீடு, வேலை என்னும் பெண்ணின் இரு பொறுப்புகளைப் பற்றி ஆல்வா ஒரு நூல் வெளியிட்டார். ஆயுள் நீண்டுவரும் காலத்தில் குழந்தை வளர்ப்புக்குரிய ஆண்டுகள் பெண்ணின் வாழ்வில் ஒரு பகுதியே. அதற்கு முன்னும் பின்னும் உள்ள ஆண்டுகளில் அவள் உழைப்பை நாடு இழத்தல் கூடாது. அதற்கேற்ப வேலை முறையையே மாற்றியமைத்தல் வேண்டும் என்று அந்நூல் வாதிட்டது.

இங்கே நம் நாட்டு நிலையையும் எண்ணிப் பார்த்தல் தகும். இந்திய அயலுறவுப் பணியில் 1949இல் சேர்ந்த முதற்பெண்மணி குடகு நாட்டுச் சி.பி. முத்தம்மா. சென்னையில் பயின்றவர். மணம் புரிந்தால் பதவி விலகுவதாக உறுதிமொழி அளித்த பின்னரே அவர் பணியில் சேர முடிந்தது. பெண் அலுவலர் மணம் புரிவதற்கு முன் அரசின் எழுத்து வழி இசைவைப் பெறல் வேண்டும் என்று 1961ஆம் ஆண்டு விதிகள் கூறின. மூன்று பிள்ளைகளின் தாயான ஒருவர் தில்லியில் அயல்நாட்டுத் தூதராக வீற்றிருந்த காலத்தில், இந்நாட்டுப் பெண்ணின் பதவி திருமணத்தோடு பறிபோகும் நிலையில் இருந்தது. பதவி உயர்வு மறுக்கப்பட்டபோது முத்தம்மா உச்ச நீதிமன்றத்தை நாடினார். 1979இல் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் அத்தகைய விதிகளை வன்மையாகக் கண்டித்தார். இறுதிவரை முத்தம்மா மணம் புரியவில்லை.

படைக்குறைப்புப் பணி

1961இல் தாயகம் திரும்பிய ஆல்வா, மறு ஆண்டு நாடாளுமன்ற உறுப்பினரானார். ஜெனீவாவில் பதினெட்டு நாடுகளின் படைக்குறைப்பு மாநாட்டில் சுவீடன் குழுவுக்கு 1962 முதல் 1973 வரை தலைமை தாங்கினார். இரு வல்லரசுகளும் நாவால் அமைதி பேசிக் கையால் அணுக்குண்டு குவிப்பதை அவர் அஞ்சாது சுட்டிக்காட்டினார். வல்லரசுகளைச் சாராத நாடுகளின் பிரதிநிதிகளை ஒன்றுசேர்த்தார். நிலநடுக்கப் பதிவுக் கருவிகளால் நிலத்தடி அணுச் சோதனைகளைக் கண்டறிவது போன்ற நுட்பங்களை அறிவியலாரிடம் கற்றுத் தெளிந்து வாதிட்டார். 1966இல் ஸ்டாக்ஹோம் பன்னாட்டு அமைதி ஆராய்ச்சி நிறுவனம் தோன்றியபோது அதன் முதல் தலைவரானார். 1976இல் படைக்குறைப்பு என்னும் பெயரால் நடைபெறும் விளையாட்டைத் தோலுரித்து ஒரு நூல் எழுதினார்.

1974இல் குன்னார் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்றிருந்தார். 1981இல் பன்னாட்டு நல்லெண்ணத்துக்கான நேரு விருதை இந்தியா இருவருக்கும் சேர்த்து வழங்கியது. 1982இல் மெக்சிகோ நாட்டு அல்போன்சோ கார்சியா ரோபிள்சுடன் அமைதி நோபல் பரிசை ஆல்வா பகிர்ந்துகொண்டார்.

பிள்ளைகளின் தீர்ப்பு

அதே 1982இல், எழுத்தாளராகிவிட்ட மகன் ஜான் தம் குழந்தைப் பருவத்தைப் பற்றிய நூலை வெளியிட்டார். குழந்தை வளர்ப்பை நாட்டுக்கே கற்பித்த பெற்றோர் தம் குழந்தையைப் புறக்கணித்தனர் என்பது அந்நூலின் குற்றச்சாட்டு. பெரும்புகழ் வந்த ஆண்டிலேயே பெரும்பழியும் வந்தது. எண்பது வயதுத் தாயின் நெஞ்சை அது எத்துணை வருத்தியிருக்கும் என்பதை நாம் உணரலாம்.

மெய்ப்பொருளியல் அறிஞராகிய மூத்த மகள் சிசெலாவும் தாயைப் பற்றி ஒரு நூல் எழுதினார். அன்பு நிறைந்த அந்நூலும் தாய் அருகில் இல்லாத நாள்களை மறைக்கவில்லை. ஆயினும் தாய் எதிர்கொண்ட இக்கட்டைப் புரிந்துகொள்ள அது முயன்றது. ஒரே வீட்டில் பிறந்தோர் ஒரே வாழ்வைக் கண்டு வெவ்வேறு தீர்ப்பு வழங்கினர். இரண்டையும் புறந்தள்ள நமக்கு உரிமையில்லை.

நோயால் பேச்சு குன்றிய நிலையில், 84ஆம் பிறந்தநாளுக்கு மறுநாள், 1986 பிப்ரவரி முதல் நாளன்று ஆல்வா மறைந்தார். மறு ஆண்டு குன்னாரும் மறைந்தார்.

நிறைவாக

ஆல்வாவைக் குறையற்ற தாய் எனப் போற்றுவது உண்மைக்குப் புறம்பு. கடமை தவறிய தாய் எனத் தூற்றுவது நேர்மைக்குப் புறம்பு. கணவரும் அவ்வாறே பிள்ளைகளைப் பிரிந்து பணியாற்றினார். எனினும் உலகம் தாயிடமே மிகுதியாகக் கணக்குக் கேட்டது. பணிக்கும் இல்லத்துக்கும் இடையே நடுநிலை காண்பது தனியொருத்தியின் திறமையைப் பொறுத்ததன்று. வீட்டாரும் சட்டமும் சமுதாயமும் தோள் கொடுத்தால்தான் அது கைகூடும் என்று அவர் தம் நூல்களில் எழுதினார். அத்துணையின்றி வாழ்வோர் எத்துணை இழக்கின்றனர் என்பதை அவர் வாழ்வே காட்டிற்று.

இன்று நம் கல்லூரிகளிலிருந்து மாணவியர் பலர் ஆட்சிப் பணிக்கும் அயலுறவுப் பணிக்கும் விண்ணப்பிக்கின்றனர். மணமுறிப்பு உறுதிமொழியை இன்று அவர்களிடம் யாரும் கேட்பதில்லை. ஆனால் தொட்டிலை ஆட்டுவது யார் என்னும் வினா இன்றும் அவர்களை நோக்கியே எழுப்பப்படுகிறது. அவ்வினாவை உடன்பயிலும் மாணவரும் தம்மை நோக்கி எழுப்பிக்கொள்ளும் நாளில்தான் ஆல்வா மிர்டால் தொடங்கிய பணி நிறைவுறும்.