தந்தை செல்வாவும் காங்கேசன்துறைத் தொகுதியும்

காங்கேசன்துறை என்றவுடன் எம்மவர் பலருக்கு மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலும், கீரிமலைக் கேணியும், சீமெந்துத் தொழிற்சாலையும் நினைவுக்கு வரும். அப்பெயரில் ஒரு பாராளுமன்றத் தொகுதி இருந்ததையும், அது ஒரு மனிதரை ஏழு முறை தெரிவு செய்ததையும் இங்கு வளரும் எம் பிள்ளைகள் அறிந்திருக்கமாட்டார்கள். அவர்களுக்காகவே இச்சிறு கட்டுரை.

சாமுவேல் ஜேம்ஸ் வேலுப்பிள்ளை செல்வநாயகம் அவர்கள் 1898 மார்ச் 31ஆம் திகதி மலாயாவின் ஈப்போ நகரில் பிறந்தார். எம் பிள்ளைகளைப் போலவே அவரும் பிறநாட்டில் பிறந்தவர்தான். கல்வியின் பொருட்டுச் சிறுவயதிலேயே தாயாருடன் தெல்லிப்பழைக்கு வந்து யூனியன் கல்லூரியிலும், பின்னர் பரியோவான், பரி. தோமையர் கல்லூரிகளிலும் பயின்றார். ஆசிரியராகச் சிலகாலம் பணியாற்றி, சட்டம் கற்று, கொழும்பில் பெயர்பெற்ற சிவில் அப்புக்காத்தாக விளங்கினார்.

1947இல் தமிழ்க் காங்கிரஸ் வேட்பாளராகக் காங்கேசன்துறையில் வென்றார். மறுவருடம் மலையகத் தமிழரின் குடியுரிமையைப் பறித்த சட்டம் வந்தது. அது தம் தொகுதி வாக்காளர்களைத் தொடாத சட்டம். ஆயினும் அதனை எதிர்த்தார். கட்சித் தலைமை அரசாங்கத்துடன் இணைந்ததை ஏற்காது பிரிந்து, 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சியை நிறுவினார்.

அதற்குத் தொகுதி உடனே கைகொடுக்கவில்லை. 1952இல் ஐக்கிய தேசியக் கட்சியின் சு. நடேசபிள்ளை அவர்களிடம் தோல்வியடைந்தார். அதனால் அவர் தம் கொள்கையைக் கைவிடவில்லை. 1956இல் தனிச்சிங்களச் சட்டம் நாட்டை உலுக்கிய வேளை, அதே மக்கள் அவரைப் பெருமதிப்புடன் மீண்டும் அனுப்பினர். 1960இல் இருமுறையும், 1965இலும், 1970இலும் அவரே வென்றார். சைவர்கள் பெரும்பான்மையாக வாழும் தொகுதி, ஒரு கிறிஸ்தவரைத் தம்மவராகவே கொண்டாடியது.

இதற்கிடையே 1957இல் பண்டாரநாயக்காவுடனும் 1965இல் டட்லி சேனநாயக்காவுடனும் அவர் செய்த ஒப்பந்தங்கள் நிறைவேறாமற் போயின. 1972இல் வந்த புதிய அரசியலமைப்பை எதிர்த்து, அவ்வாண்டு ஒக்டோபரில் தம் ஆசனத்தைத் துறந்தார். தமிழ் மக்கள் அவ்வமைப்பை ஏற்கின்றார்களா என்பதைத் தம் தொகுதியில் இடைத்தேர்தல் வைத்து அறியும்படி அரசுக்குச் சவால் விடுத்தார்.

அரசு இரண்டு வருடங்களுக்கு மேல் அத்தேர்தலைத் தள்ளிப்போட்டது. ஈற்றில் 1975 பெப்ரவரி 6ஆம் திகதி வாக்களிப்பு நடைபெற்றது. நடுக்குவாத நோயால் தளர்ந்து, செவிப்புலனும் குன்றியிருந்த அம்முதியவருக்கு 25,927 வாக்குகளும், கம்யூனிஸ்ட் கட்சியைச் சேர்ந்த வி. பொன்னம்பலம் அவர்களுக்கு 9,457 வாக்குகளும் கிடைத்தன. பெரும்பான்மை 16,470. அதுவே அவரின் இறுதித் தேர்தல். அடுத்த ஆண்டு மே மாதம் அவர் தலைமையில் வட்டுக்கோட்டைத் தீர்மானம் நிறைவேறியது. 1977 ஏப்ரல் 26ஆம் திகதி அவர் காலமானார்.

அவ்வாண்டு ஜூலைத் தேர்தலில் அ. அமிர்தலிங்கம் அவர்கள் இத்தொகுதியில் வென்று எதிர்க்கட்சித் தலைவரானார். காங்கேசன்துறை கண்ட கடைசித் தொகுதித் தேர்தல் அதுதான். 1983இல் ஆறாவது திருத்தத்தின்கீழ்ச் சத்தியம் செய்ய மறுத்து அவரும் ஆசனத்தை இழந்தார். 1989இல் விகிதாசார முறை நடைமுறைக்கு வந்தபோது, தனித்தொகுதி என்ற நிலை நீங்கி, காங்கேசன்துறை யாழ்ப்பாண மாவட்டத்தின் ஒரு பிரிவாயிற்று. மறுவருடம் போர் அப்பகுதி மக்களையே ஊரை விட்டுத் துரத்தியது.

தொகுதி போயிற்று. தோற்கடித்த மக்களிடமே திரும்பிச் சென்று, ஆசனத்தைத் துறந்து மீண்டும் அவர்களின் தீர்ப்பைக் கேட்ட ஒரு பெரியவரின் கதை எஞ்சியிருக்கிறது. கீரிமலைக் கதைகளைப் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது, இதனையும் சேர்த்துச் சொல்வோமாக.