ஜெர்மனிக்குப் போன பஸ்காரர்

ஜி.டி. நாயுடு என்றதும் நம்ம ஆட்கள் உடனே இந்தியாவின் எடிசன் என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். பொது அறிவுப் போட்டிக்கு அது போதும். ஒரு மார்க் கிடைக்கும். நானும் அப்படித்தான் இருந்தேன். போன வருடம் நடந்த ஒரு விஷயத்தால்தான் அவரைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். அதனால் அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

இரண்டாம் ஆண்டில் எங்கள் இ.இ.இ. வகுப்பை ஐ.வி.க்காகக் கோயமுத்தூர் கூட்டிப்போனார்கள். பம்ப்செட் மோட்டார் செய்யும் ஒரு ஃபேக்டரி. வைண்டிங் செக்‌ஷனில் அக்காமார் வரிசையாக உட்கார்ந்து ஸ்டேட்டர் காடிகளில் செம்புக் கம்பியைச் சொருகிக்கொண்டிருந்தார்கள். கை போகிற வேகத்தைப் பார்த்தால் பூ கட்டுகிற மாதிரி இருந்தது. எல்லாம் முடிந்ததும் சூப்பர்வைசர் இங்கிலீஷில் ஏதாவது டவுட் இருக்கிறதா என்று கேட்டார். எனக்கு ஒரு டவுட் இருந்தது. எங்கள் ஆத்தூர்ப் பக்கம் கோடை வந்தால் தோப்புக் கிணற்று மோட்டார்கள் வரிசையாகப் புகைந்துபோகும். வோல்டேஜ் குறைந்தால் மோட்டார் நின்றுபோவதுதானே நியாயம், ஏன் எரிகிறது? சின்ன வயதிலிருந்தே என் மனதில் கிடக்கிற கேள்வி. அதை இங்கிலீஷில் எப்படி ஆரம்பிப்பது என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே அவர் தேங்க்யூ சொல்லிவிட்டார். வெளியே வந்து கேட் முன்னால் குரூப் போட்டோ எடுத்துக்கொண்டு பஸ் ஏறினோம்.

திரும்பும்போது பொள்ளாச்சி, உடுமலை, பழனி, ஒட்டன்சத்திரம் வழியாக வந்தோம். பஸ்ஸில் ஒரே பாட்டு. எனக்கு மட்டும் தொண்டையில் முள் மாட்டின மாதிரி இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த சார் பேச்சுவாக்கில், ஜி.டி. நாயுடு முதன்முதலாக பஸ் ஓட்டியது இந்த ரோட்டில்தான் என்று சொன்னார். படித்தது என்னமோ ஆரம்பப் பள்ளிக்கூடம் வரைதான், ஆனால் ஜெர்மனி, இங்கிலாந்து என்று போய்த் தொழில் பார்த்துவிட்டு வந்த ஆள் என்றும் சொன்னார். அந்த ஒரு வார்த்தை போதுமாக இருந்தது.

கோபால்சாமி துரைசாமி நாயுடு. 1893 மார்ச் 23-ல் கோயமுத்தூர் சூலூர்ப் பக்கம் கலங்கல் என்ற ஊரில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். படிப்பு ஏறவில்லை. வாத்தியார் கண்ணில் மண்ணை அள்ளிப் போட்டுவிட்டு ஓடிவந்ததாக ஒரு கதை சொல்வார்கள். நம்மில் யாரும் அதை முயற்சி செய்ய வேண்டாம்!

ஒருநாள் வெள்ளைக்கார ரெவின்யூ அதிகாரி ஒருவர் ஒரு மோட்டார் சைக்கிளில் போவதைப் பார்க்கிறார். ரட்ஜ் கம்பெனி வண்டி, 1912 மாடல். மாடும் இழுக்காமல், ஆளும் மிதிக்காமல் வண்டி எப்படிப் போகிறது? அதுதான் அவர் தலைக்குள் புகுந்துகொண்டது. கோயமுத்தூருக்குப் போய் ஒரு ஹோட்டலில் சர்வர் வேலைக்குச் சேர்ந்தார். இலை போட்டு, டம்ளர் எடுத்து, காசு சேர்த்து, கடைசியில் ஒரு மோட்டார் சைக்கிளை விலைக்கு வாங்கினார். வாங்கினவர் ஊரைச் சுற்றவில்லை. நட்டு போல்ட் விடாமல் கழற்றிப் போட்டு, மறுபடி பூட்டினார். இப்படித்தான் அவர் மெக்கானிக் ஆனார். நமக்கு ஒர்க்‌ஷாப்பில் கழற்றிப் பார்க்க இன்ஜின் இருக்கிறது, கழற்றிய பிறகு பூட்டத் தெரியாவிட்டால் இன்ஸ்ட்ரக்டர் இருக்கிறார். அவருக்கு இரண்டும் இல்லை.

பிறகு பஞ்சு வியாபாரம் பார்த்தார். நல்ல பணம் வந்தது. பம்பாய் வரை போய் அந்தப் பணத்தைத் தொலைத்துவிட்டு வந்தார். இதை ஏன் சொல்கிறேன் என்றால், மேதைகளைப் பற்றி எழுதுகிறவர்கள் இந்த மாதிரி இடங்களை அவசரமாகத் தாண்டிவிடுகிறார்கள். முப்பது வயதுக்குள் சம்பாதித்து, முப்பது வயதுக்குள் இழந்தவர் அவர்.

1920-ல் ஒரே ஒரு பஸ்ஸோடு மறுபடி ஆரம்பித்தார். ரூட் பொள்ளாச்சி டு பழனி. டிரைவரும் அவரே. இன்றைக்கு நம்ம திண்டுக்கல் மாவட்டத்தில் இருக்கிற பழனிதான் அவருடைய முதல் பஸ் வந்து நின்ற ஊர் என்பதில் எனக்கு ஒரு சின்னப் பெருமை. அந்த ஒரு பஸ்தான் வளர்ந்து யுனிவர்சல் மோட்டார் சர்வீஸ், அதாவது யு.எம்.எஸ். ஆனது. 1930-களின் தொடக்கத்தில், சொன்ன நேரத்துக்கு ஒழுங்காக பஸ் விடும் கம்பெனி என்று நாடு முழுக்கப் பேர் வாங்கிவிட்டது.

இவ்வளவு வந்த பிறகு சாதாரண ஆளாக இருந்தால் பங்களா கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். இவர் வெளிநாட்டுக்குக் கிளம்பினார். இங்கிலாந்து, ஜெர்மனி என்று ஒரு தடவைக்குப் பல தடவை போனார். அந்தக் காலத்தில் காசுள்ளவர்கள் சீமைக்குப் போவது அதிசயமில்லை. வியாபாரிகள் போனால் ஏதாவது ஒரு கம்பெனிக்கு ஏஜென்சி எடுத்துக்கொண்டு வருவார்கள். அவன் செய்ததை இங்கே விற்றால் கமிஷன் கிடைக்கும், தலைவலி இல்லை. பஸ் முதலாளிக்கு அதுதான் சுலபமான வழி. நாயுடு பார்த்த பார்வை வேறு. ஒரு சாமானைப் பார்த்தால் அதன் விலையைவிட, உள்ளே என்ன இருக்கிறது என்பதுதான் அவருக்கு முக்கியம். ரட்ஜைப் பார்த்த அதே கண்.

போன இடத்துக்கெல்லாம் கேமராவோடு போனார். 1936 ஜனவரியில் இங்கிலாந்து மன்னர் ஐந்தாம் ஜார்ஜ் இறந்து, லண்டனில் இறுதி ஊர்வலம் நடந்தபோது அதைத் தானே படம் பிடித்தார். ஊரில் காந்தி, நேரு, சுபாஷ் சந்திரபோஸ் ஆகியோரையும் படம் எடுத்திருக்கிறார். ஜெர்மனியில் ஹிட்லரைப் பார்த்தார் என்று எழுதுகிறவர்கள் அதைப் பெரிய பெருமையாக எழுதுகிறார்கள். எனக்கு அதில் ஒரு பெருமையும் தெரியவில்லை. அந்த நாட்டில் அவர் பார்த்த லேத்துகளும் மோட்டார்களும்தான் நமக்குப் பிரயோஜனம். ஆனால் கேமரா விஷயத்தில் ஒன்று கவனியுங்கள். பிறகு அவர் கண்டுபிடித்தவற்றில் ஒன்று, ஃபிலிம் கேமராவுக்கான டிஸ்டன்ஸ் அட்ஜஸ்டர். படம் எடுக்கும்போது தொந்தரவு கொடுத்த இடத்தை அப்படியே விடாமல் கையில் எடுத்திருக்கிறார் என்றுதான் நான் நினைக்கிறேன். நாமும் ஐ.வி.யில் செல்லில் ஆயிரம் போட்டோ எடுத்தோம். எல்லாவற்றிலும் நாம்தான் இருக்கிறோம், மெஷின் பின்னால் மங்கலாகத் தெரிகிறது.

ஜெர்மனிப் பயணங்களால் வந்ததில் ரொம்பப் பேர் பெற்றது ராசன்ட் என்ற ஷேவிங் ரேசர். உள்ளே ஒரு சின்ன மோட்டார், டிரை செல் பேட்டரியில் ஓடும். ஜெர்மனியில் ஹைல்பிரான் என்ற ஊரில் அதைத் தயாரித்தார்கள். யோசித்துப் பாருங்கள். கலங்கல்காரர் டிசைன் போட, ஜெர்மன்காரன் செய்துகொடுக்கிறான்! ரொம்ப மெல்லிசான பிளேடும் அவர் செய்தார். மண்ணெண்ணெயில் ஓடும் ஃபேன், பழச்சாறு பிழியும் கருவி, தில்லுமுல்லு செய்ய முடியாத ஓட்டுப்பதிவு இயந்திரம் என்று லிஸ்ட் நீளும். (ஓட்டு இயந்திரம் செய்தவர் தானே ஒரு தேர்தலில் சுயேச்சையாக நின்று தோற்றும் இருக்கிறார்.)

இ.இ.இ. மாணவன் என்ற முறையில் எனக்கு இதையெல்லாம்விடப் பெரிதாகத் தெரிவது 1937-ல் நடந்தது. அந்த வருடம் டி. பாலசுந்தரம் நாயுடுவோடு சேர்ந்து இந்தியாவிலேயே தயாரான முதல் மோட்டாரை ஜி.டி. நாயுடு கொண்டுவந்தார். அதன் அருமை புரிய வேண்டுமானால் அன்றைய கோயமுத்தூரை நினைக்க வேண்டும். 1932-ல் பைக்காரா மின்நிலையம் ஓட ஆரம்பித்து, நீலகிரியிலிருந்து கரண்ட் கீழே இறங்கிவிட்டது. மில்கள் பெருகுகின்றன. கிணற்றில் கமலை கட்டி இறைத்த விவசாயி கரண்ட் கம்பத்தைப் பார்க்கிறான். கரண்ட் இருக்கிறது, ஆனால் அதை வேலையாக மாற்றும் மோட்டார் கப்பலில் வர வேண்டும். கெட்டுப்போனால் பார்ட்ஸும் கப்பலில்தான். அதை இங்கேயே செய்யலாம் என்று காட்டியதுதான் விஷயம். பாலசுந்தரம் நாயுடு பிறகு டெக்ஸ்டூல் கம்பெனியைத் தொடங்கினார். கோயமுத்தூரே மோட்டார், பம்ப் ஊராக ஆனது. எங்கள் ஊர்த் தென்னந்தோப்பில் எந்த ஷெட்டைத் திறந்தாலும் கோயமுத்தூர் மோட்டார்தான். எரிந்துபோனாலும் அதுதான், எரியாவிட்டாலும் அதுதான்.

எல்லாம் ஜெயித்தது என்று எழுதினால் பொய்யாகிவிடும். 1941-ல் ஐந்து வால்வு ரேடியோவை 70 ரூபாய்க்குச் செய்து தர முடியும் என்று அறிவித்தார். 1952-ல் இரண்டு பேர் போகும் பெட்ரோல் கார், விலை 2,000 ரூபாய். அரசாங்கம் லைசென்ஸ் கொடுக்கவில்லை. கார் அத்தோடு நின்றது. வெளிநாட்டில் கற்றுக்கொண்டு வந்தாலும் அதைச் செய்துபார்க்க உள்ளூரில் ஒரு கையெழுத்து வேண்டியிருந்தது என்பது படிக்கும்போது கோபமாக வந்தது.

நம்மைப் போன்ற டிப்ளமோக்காரர்கள் நிச்சயம் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று. 1945-ல் கோயமுத்தூரில் ஆர்தர் ஹோப் பாலிடெக்னிக்கும் இன்ஜினியரிங் கல்லூரியும் அவர் முயற்சியில்தான் வந்தன. ஆர்தர் ஹோப் அப்போதைய சென்னை கவர்னர். நாயுடுவே முதல்வர். மூன்றாம் கிளாஸ்கூடச் சரியாகப் படிக்காதவர் இன்ஜினியரிங் காலேஜுக்குப் பிரின்சிபால்! ஆனால் அங்கேயும் சண்டை. நாலு வருடப் படிப்பு பையன்களின் காலத்தை வீணடிக்கிறது, இரண்டு வருடமே தாராளம் என்றார். வெள்ளைக்கார அரசு ஒத்துக்கொள்ளவில்லை. ராஜினாமா செய்துவிட்டு வெளியே வந்து, குறுகிய காலப் பயிற்சி வகுப்புகளை நடத்தினார். அந்தக் கல்லூரிதான் பிறகு இடம் மாறி, இன்று ஜி.சி.டி. என்று நாம் சொல்லும் அரசு தொழில்நுட்பக் கல்லூரி. பழைய பெயர் மட்டும் அவினாசி ரோட்டில் ஒட்டிக்கொண்டுவிட்டது. டவுன் பஸ் கண்டக்டர் ஹோப்ஸ், ஹோப்ஸ் என்று கத்துவது அதைத்தான்.

இந்த இரண்டு வருட விஷயத்தில் எனக்கு இரண்டு மனசு. எங்கள் வீட்டில் பத்தாவதைத் தாண்டிய முதல் ஆள் நான். இன்னும் எத்தனை வருடம்டா படிப்பாய் என்று மாமா கேட்கும்போதெல்லாம் நாயுடு சொன்னது சரி என்றுதான் தோன்றும். ஒரு வருடம் குறைந்தால் அப்பாவுக்கு ஒரு வருடக் கடன் குறையும். ஆனால் தமிழ் மீடியத்திலிருந்து வந்த எனக்கு முதல் வருடம் முழுக்க இங்கிலீஷ் வார்த்தைகளுக்கு அர்த்தம் பார்ப்பதிலேயே போனது. அவர் மாதிரி இன்ஜினைப் பார்த்தே புரிந்துகொள்ள எல்லோராலும் முடியுமா, தெரியவில்லை.

1944-ல் பஸ் தொழிலின் நிர்வாகத்திலிருந்து விலகிக்கொண்டு தர்மங்களிலும் ஆராய்ச்சியிலும் இறங்கினார். பருத்தி, சோளம், பப்பாளி என்று செடிகளிலும் சோதனை. அவர் தோட்டத்தைச் சர் சி.வி. ராமனும் விஸ்வேஸ்வரய்யாவும் வந்து பார்த்திருக்கிறார்கள். வெளிநாட்டுக்குப் போக வசதியில்லாதவர்களும் பார்க்கட்டும் என்பதுபோல ஊரிலேயே தொழிற் கண்காட்சியும் வைத்தார். 1974 ஜனவரி 4-ல் காலமானார். 2025 அக்டோபரில் அவினாசி ரோட்டில் திறந்த 10.1 கிலோமீட்டர் மேம்பாலத்துக்கு அவர் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள்.

இன்றைக்கும் நம் தொழிலதிபர்கள் குழுவாகச் சேர்ந்து ஜெர்மனியில் ஹனோவர் கண்காட்சிக்கும், நூற்பாலை மெஷின்காரர்கள் நாலு வருடத்துக்கு ஒருமுறை நடக்கும் ஐ.டி.எம்.ஏ. கண்காட்சிக்கும் போய்வருகிறார்கள். நமக்கு அவ்வளவு தூரம் இப்போதைக்கு முடியாது. நமக்குக் கோயமுத்தூர்தான் ஹனோவர். நானும் இரண்டு நண்பர்களும் ஒரு ஞாயிற்றுக்கிழமை செம்பட்டி வந்து பஸ் பிடித்து, பழனி வழியாகக் கோயமுத்தூர் போய், அவினாசி ரோட்டில் இருக்கும் நாயுடு மியூசியத்தைப் பார்த்துவிட்டு வந்தோம். பக்கத்திலேயே 2015-ல் திறந்த கார் மியூசியமும் இருக்கிறது. நண்பர்கள் அங்கே கார்களை விட்டு நகரவில்லை. நான் ரேசர் முன்னால்தான் ரொம்ப நேரம் நின்றேன். உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் போலிருந்தது.

இந்த வருடம் மறுபடி ஐ.வி. வந்தது. வேறொரு மோட்டார் ஃபேக்டரி. இந்தத் தடவை கேள்வியை முந்தின நாளே நோட்டில் தமிழில் எழுதிக்கொண்டு போனேன். டவுட் இருக்கா என்று கேட்டதும் கையைத் தூக்கித் தமிழிலேயே கேட்டுவிட்டேன். பின்னால் யாரோ சிரித்தார்கள். சூப்பர்வைசர் சிரிக்கவில்லை. எந்த ஊருங்க தம்பி என்று விசாரித்துவிட்டு, ரிப்பேருக்கு வந்திருந்த ஒரு ஸ்டேட்டரை எடுத்துவரச் சொன்னார். வைண்டிங் ஒரு பக்கம் கரியாகக் கிடந்தது. தண்ணீரின் சுமை அப்படியே இருக்கும்போது வோல்டேஜ் இறங்கினால், மோட்டார் வேகம் தளர்ந்து, அந்தச் சுமையை இழுக்க அதிகக் கரண்டை வாங்கும். கரண்ட் ஏற ஏறச் சூடு ஏறும், கம்பியின் மேல்பூச்சு கருகும், பிறகு ஷார்ட். ரிலேவை வயர் போட்டு பைபாஸ் செய்துவிட்டு ஓட்டுகிறார்களா என்று கேட்டார். ஆமாம் என்றேன். அதை முதலில் எடுத்துவிடச் சொல்லுங்க என்றார். அந்த வாரக் கடைசியில் ஊருக்குப் போனபோது எங்கள் பக்கத்துத் தோப்பு ஸ்டார்ட்டர் பெட்டியைத் திறந்து பார்த்தேன். வயர் இருந்தது.